வீட்டு மொழிக்கு ஒரு தேர்வு: அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானியம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாழும் பதினேழு வயது மாணவி ஒருத்தியை எண்ணிக் கொள்வோம். அவளுடைய பாட்டி மெக்சிகோ நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். வீட்டினுள் பேச்சு ஸ்பானிய மொழி; வாசலைத் தாண்டினால் ஆங்கிலம். பாட்டி கூறும் கதைகளும் பழமொழிகளும் அவளுக்கு நன்கு விளங்குகின்றன. கடைக்காரரோடு விலை பேசவும், தம்பியை அதட்டவும், அத்தையுடன் தொலைபேசியில் அரைமணி நேரம் அளவளாவவும் அவளுக்குத் தடையில்லை. ஆனால், நூல்நிலையத் தலைவர் ஒருவருக்கு ஸ்பானிய மொழியில் பத்து வரி எழுதுக என்று தாளை முன்னே வைத்தால், அவள் கை தயங்கி நின்றுவிடுகிறது. எவ்வாறு விளிப்பது, எந்த எழுத்தின்மேல் குறியிடுவது, எந்தச் சொல்லால் முடிப்பது என்பன அவளுக்குத் தெரியா. அவை அவள் வீட்டில் ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை.

தில்லிக் கரோல் பாக்கிலும், பம்பாய் மாதுங்காவிலும், கல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலும் குடியிருக்கும் நம்மவர் இதைக் கேட்டவுடன், 'இது நம் வீட்டுக் கதை அன்றோ!' என்று புன்முறுவல் பூக்கக்கூடும். பம்பாய் மும்பையாகவும் கல்கத்தா கொல்கத்தாவாகவும் பெயர் மாறிவிட்டன. வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியுமாக வளரும் குழந்தைகளின் நிலை மாறவில்லை. ஆயினும் இன்று நாம் எடுத்துக் கொண்டது அமெரிக்க ஐக்கிய நாட்டுச் செய்தி. அங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எழுதும் ஸ்பானிய மொழி மேல்தரத் தேர்வு ஒன்று உண்டு. அத்தேர்வு எதனைக் கேட்கிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதை முறையாகப் பார்ப்போம்.

முதலில், அந்நாட்டில் ஸ்பானியம் அயல்மொழியா என்பதைத் தெளிதல் நன்று. புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை ஸ்பானியர் நிறுவியது 1565-ல். ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607-ல்தான். 1848-ல் மெக்சிகோவுடன் செய்துகொண்ட குவாதலூப் இதால்கோ உடன்படிக்கையால் கலிபோர்னியா முதலிய பரந்த நிலப்பகுதிகள் ஐக்கிய நாட்டின் கைக்கு வந்தன. நிலத்தோடு அங்கு வாழ்ந்த மக்களும் அவர்தம் மொழியும் வந்தன. 1898-ல் போர்ட்டோ ரிக்கோ தீவும், 1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர்க் கியூபாவிலிருந்து வெளியேறிய குடும்பங்களும் அம்மொழியின் வளத்தைப் பெருக்கின. இன்று அந்நாட்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசுகின்றனர். ஆகவே, பள்ளியில் அது பாடமொழியாக இருப்பினும், எண்ணற்ற குழந்தைகளுக்கு அது தாய்மடியில் கேட்ட மொழியாகும்.

இனித் தேர்வைப் பார்ப்போம். 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு 1950-களின் நடுவிலிருந்து 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. கல்லூரியின் தொடக்க வகுப்புக்கு ஒப்பான பாடத்தை உயர்நிலைப்பள்ளியிலேயே பயின்று, மே மாதத்தில் பொதுத்தேர்வு எழுதுவது அதன் முறை. முடிவு 1 முதல் 5 வரையுள்ள எண்ணாக வரும். பெரும்பாலும் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்க்குப் பல கல்லூரிகள் அப்பாடத்தை முடித்ததாகவே கணக்கில் வரவு வைக்கின்றன. எந்த எண்ணுக்கு எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். வரவு வைத்த பாடத்தை மீண்டும் பயில வேண்டியதில்லை; அதற்குரிய கட்டணமும் மிச்சம். உழைத்துப் பிழைக்கும் குடியேறிய குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று.

ஸ்பானிய மொழியும் பண்பாடும் என்னும் இத்தேர்வு 2013-14 கல்வியாண்டில் புதிய வடிவம் பெற்றது. அவ்வடிவத்தில் தேர்வு ஏறத்தாழ மூன்று மணி நேரம். முதற்பகுதியில் 65 வினாக்கள், 95 நிமிடங்கள். விளம்பரம், கடிதம், கட்டுரை, கதைப்பகுதி, புள்ளிவிவரப் படம் ஆகியவற்றைப் படித்தும், பேட்டிகளையும் உரைகளையும் காதால் கேட்டும் தக்க விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நான்கு வேலைகள்: வந்த மின்னஞ்சலுக்கு மறுமொழி, வாதக் கட்டுரை, உரையாடல், பண்பாட்டு ஒப்பீடு. இரு பகுதிகளுக்கும் மதிப்பெண் பாதிப்பாதி. வடிவம் அவ்வப்போது திருத்தப்படுவதுண்டு. எழுதும் மாணவர் அந்தந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துக் கொள்ளல் வேண்டும். எண்கள் மாறினும், மொழியைப் பயன்படுத்தத் தெரியுமா என்று பார்க்கும் நோக்கம் மாறுவதில்லை. வினைவடிவங்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லும் வினா எதுவும் இதில் இல்லை.

இத்தேர்வுக்கு வரும் மாணவர் இரு வகையினர். ஒரு வகையினர் ஸ்பானியத்தை வகுப்பறையில் மட்டும் கற்றவர். மற்றவர் நாம் மேலே கண்ட மாணவியைப் போல வீட்டில் கேட்டு வளர்ந்தவர். தேர்வு நடத்துவோரும் இவ்வேறுபாட்டை அறிவர். வகுப்பறையில் மட்டும் கற்றவர்களின் முடிவுகளைத் தனியாகவும் கணக்கிட்டுக் காட்டுவர். வீட்டில் மொழி கேட்டவர்க்குத் தேர்வு எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. ஒவ்வொரு வகையினர் கையிலும் மொழியின் ஒரு பாதி இருக்கிறது; மறுபாதி இல்லை. ஆயத்தம் என்பது, இருக்கும் பாதியையே மீண்டும் மீண்டும் மெருகிடுவதன்று. இல்லாத பாதியைத் தேடிச் செல்வதாகும். இந்த ஒன்றை உணர்ந்தால் தேர்வின் பெரும் பளு குறைந்துவிடும்.

வீட்டு மொழியில் இல்லாத பாதி எது? இதற்கு நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். தில்லியில் பிறந்து வளர்ந்த நம் சிறுவன், கும்பகோணத்தில் இருந்த தாத்தாவுக்கு முதன்முதலாகத் தமிழில் கடிதம் எழுதினான். 'தாத்தா, நீ சௌக்கியமா? நான் வரும்போது நீ ஸ்டேஷனுக்கு வா' என்று எழுதியிருந்தான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தியில் 'ஆப்' என்று பணிவாகப் பேசும் பிள்ளைதான் அவன். தமிழில் மரியாதை தெரியாதவனாக எப்படி ஆனான்? காரணம் எளிது. வீட்டில் தமிழில் அவனை நாம் 'நீ' என்றே அழைத்தோம். அவன் காதில் விழுந்த தமிழ் முழுவதும் அவனை நோக்கிப் பேசிய தமிழ். தாத்தா கோபிக்கவில்லை. 'தாங்கள் அன்புடன் வரைந்த கடிதம் வரப்பெற்று மகிழ்ந்தேன். தாங்கள் பணித்தவாறே நிலையத்துக்கு வருவேன்' என்று மறுமொழி எழுதினார். சிறுவன் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். அடுத்த கடிதத்தில் 'நீங்கள்' வந்துவிட்டது.

குழந்தை, தன்னிடம் பேசப்படும் மொழியைக் கற்கிறது. அயலாரிடம் தான் பேச வேண்டிய மொழியை வீடு தானாகக் கற்பிப்பதில்லை. ஸ்பானியத்திலும் 'நீ' என்பதற்குத் 'தூ' என்றும், 'தாங்கள்' என்பதற்கு 'உஸ்தேத்' என்றும் இருவேறு சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வினைமுடிபு வேறு. ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்த மாணவனுக்கு இவ்வேறுபாடே புதுமை. வீட்டு மொழி அறிந்த மாணவிக்கோ 'தூ' நாவில் முந்திக்கொண்டு வரும். மின்னஞ்சல் வினாவில் அவளுக்கு எழுதியிருப்பவர் ஓர் அருங்காட்சியக அதிகாரியாகவோ, பயண நிறுவனத் தலைவராகவோ இருப்பார். மறுமொழிக்கு 15 நிமிடங்கள். 'எஸ்திமாதோ சென்யோர்', அதாவது 'மதிப்பிற்குரிய ஐயா', என்று தொடங்கி, அவர் கேட்ட எல்லா வினாக்களுக்கும் விடை தந்து, தாமும் ஒரு விவரத்தை வினவி, 'ஆதெந்தாமெந்தே' என்ற முறையான சொல்லோடு முடிக்க வேண்டும். 'உன் அப்ராசோ' என்று முடித்தால், அறிமுகமில்லாத அதிகாரியை ஆரத் தழுவிக் கொண்டதாகிவிடும்! இடையில் ஓரிடத்தில் 'தூ'வுக்குரிய வினைமுடிபு நுழைந்துவிடுவதே பெரும்பான்மையான பிழை. எழுதி முடித்தபின் வினைமுடிபுகளை மட்டும் ஒருமுறை கண்ணோட்டமிடுதல் இதற்கு நல்ல மருந்து.

இரண்டாவது குறை எழுத்து. ஸ்பானியம் ஒலித்தவாறே எழுதப்படும் மொழி என்று கூறுவர். பெரும்பாலும் உண்மை, ஆயினும் காதை மட்டும் நம்பியவரை ஏமாற்றும் இடங்கள் சில உள்ளன. அம்மொழியில் 'பி', 'வி' என்னும் இரு எழுத்துகளுக்கும் ஒலி ஒன்றே. 'துபோ' என்று ஒலிக்கும் சொல்லை ஓர் எழுத்தால் எழுதினால் குழாய். மற்றதால் எழுதினால் 'அவரிடம் இருந்தது' என்னும் வினை. 'எச்' என்னும் எழுத்துக்கு ஒலியே இல்லை. ஆகையால் கேட்டு எழுதுவோர் அதை விட்டுவிடுவர். அசையின் அழுத்தத்தைக் காட்டும் மேற்குறி இன்னும் நுட்பமானது. 'ஆப்லோ' என்பதில் முதலசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. இறுதியசையை அழுத்திக் குறியிட்டால் 'அவர் பேசினார்'. 'பாப்பா' என்பது இறுதியில் குறி பெற்றால் தந்தை. குறியின்றேல் தென்னமெரிக்க நாடுகளில் உருளைக்கிழங்கு. தந்தையர் தின வாழ்த்தில் குறி விட்டுப்போனால் வாழ்த்துப் பெறுவது காய்கறியே. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் மனத்தையும் மணத்தையும், அரத்தையும் அறத்தையும் மாற்றி எழுதுவதை அறிந்த நமக்கு இதன் இயல்பு விளங்காமற் போகாது. பிழை அறிவின் குறைவன்று. கண் பழகாமையின் விளைவு. நாள்தோறும் ஒரு பத்தியை உரக்கப் படித்து, பின் பிறர் படிக்கக் கேட்டு எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதே இதற்குச் சிறந்த பயிற்சி.

மூன்றாவது குறை, அருகிலுள்ள ஆங்கிலத்தின் நிழல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிழலோடு நாள்தோறும் போராட்டம். ஒலியால் ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்து பொருளால் வேறுபடும் ஸ்பானியச் சொற்கள் பல. 'லிப்ரெரியா' நூலகமன்று, புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியோதேகா'. 'எக்சிதோ' வெளிவாயிலன்று, வெற்றி. 'கார்பெத்தா' தரைவிரிப்பன்று, தாள்களை இட்டு வைக்கும் உறை. 'எம்பாராசாதா' என்பதை 'வெட்கமடைந்தேன்' என்னும் கருத்தில் கூறிய மாணவி, தான் கருவுற்றிருப்பதாக அறிவித்தவளாவாள். இவையன்றி, 'பிறகு மீண்டும் அழைக்கிறேன்' என்னும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'பின்பக்கமாக அழைக்கிறேன்' என்பதுபோல் ஸ்பானியத்தில் கூறும் வழக்கமும் அமெரிக்க வீடுகளில் உண்டு. அவ்வாறு பேசுவோரை நாம் எள்ளுதல் தகாது. ஒரு நாட்டில் இரு மொழிகள் தலைமுறைதலைமுறையாகக் கூடி வாழ்ந்தால் இத்தகைய வழக்குகள் பிறந்தே தீரும். வீட்டில் அவற்றுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், ஸ்பெயினிலும் பெருவிலும் உள்ளவர்க்கும் விளங்குமாறு எழுத வேண்டிய இடத்தில் பொதுச்சொல்லை அறிந்திருத்தல் அவசியம். வீட்டுச் சொல்லை அழித்துவிட்டுப் பொதுச்சொல்லைக் கற்க வேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இனி வகுப்பறையில் மட்டும் கற்றவரின் நிலை. அவருக்கு எழுத்துக்குறி தெரியும், விளிச்சொல் தெரியும், வினைத்திரிபு அட்டவணை மனப்பாடம். இல்லாதது காதும் நாவும். இவ்வகையினருள் அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இல்லாத ஒரு துணை இருக்கிறது. பலர் அதை உணர்வதில்லை. 'எனக்குப் பிடிக்கிறது' என்று நாம் கூறுவதுபோலவே ஸ்பானியத்திலும் 'மே குஸ்தா' என்பர்; பிடித்த பொருளே எழுவாய், 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அவ்வாறே. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' என்பது விளங்கிவிடுவதுபோல், ஸ்பானிய வினையும் தன் ஈற்றாலேயே பேசுபவரைக் காட்டும். 'வாழ்ந்தார்', 'வாழ்ந்து வந்தார்' என்னும் வேறுபாடு ஸ்பானியத்தின் இருவகை இறந்தகாலங்களுக்கு நெருங்கியது. 'வருவார் என்று அறிவேன்' என்பதற்கும் 'வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்கும் நாம் வினைவடிவை மாற்றுகிறோம். ஸ்பானியத்திலும் உறுதிக்கு ஒரு வடிவம். விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் வேறொரு வடிவம். தமிழை மறவாத பிள்ளைக்கு இவ்வாயில்கள் திறந்தே உள்ளன.

எல்லாமே ஒத்துவரும் என்று கருதிவிடலாகாது. 'இருத்தல்' என்னும் பொருளுக்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என இரு வினைகள். இயல்பைக் கூற ஒன்று. நிலையையும் இடத்தையும் கூற மற்றொன்று. 'ஆசிரியர் சலித்துப் போயிருக்கிறார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வினையை மாற்றிவிட்டால், 'ஆசிரியர் பிறரைச் சலிப்படையச் செய்பவர்' என்றாகிவிடும். இவ்வகை நுட்பங்களைத் தனிச்சொல்லாகப் படித்தால் நினைவில் நில்லா. முழு வாக்கியமாகக் கேட்டால் நிற்கும்.

கேட்டல் என்னும்போது வானொலியின் உதவியைச் சொல்லாதிருக்க இயலாது. தேர்வில் மெக்சிகோக்காரர் பேசுவார். அடுத்து ஸ்பெயின் நாட்டவர் பேசுவார். பின் கரீபியன் தீவினர் ஒருவர் சொல்லிறுதி எழுத்துகளை விழுங்கியவாறு விரைந்து பேசுவார். ஒரே ஆசிரியரின் குரலுக்குப் பழகிய காது திகைத்துப் போகும். எனவே, பல நாட்டு வானொலிச் செய்திகளையும் பேட்டிகளையும் கேட்டுவருதல் வேண்டும். ஸ்பெயின் தேசிய வானொலியும், இலத்தீன் அமெரிக்க மக்களின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் 'ராதியோ ஆம்புலாந்தே' போன்ற ஒலித்தொடர்களும் இன்று இணையத்தின் வழியே எங்கும் கிடைக்கின்றன. ஒரு துண்டை மூன்றுமுறை கேட்க: முதன்முறை, யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதற்காக, இரண்டாம்முறை, அவர் கூறும் காரணங்களுக்காக, மூன்றாம்முறை, அவர் குரலில் தெரியும் ஐயம், கேலி, கவலை ஆகியவற்றுக்காக. தெரியாத சொல் வந்தவுடன் அகராதியை நாடுதல் கூடாது. தேர்வுக் கூடத்தில் அகராதி இராது. வாழ்க்கையிலும் பெரும்பாலும் இராது.

உரையாடல் என்னும் வேலை மாணவரை மிகவும் அச்சுறுத்துவது. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று நண்பரைப் போல் பேசும். மாணவர் ஐந்து முறை மறுமொழி கூற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. 'ஆம்', 'இல்லை' என்று முடித்துக்கொண்டு மீதி விநாடிகளை மௌனத்தில் கழிப்பவரே பலர். விடை, அதற்கு ஒரு காரணம், ஒரு சிறு எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் சேர்ந்தால் 20 விநாடி நிறைந்துவிடும். சொல் நினைவுக்கு வராவிடில் சுற்றி உரைக்கலாம். 'சம்மட்டி' என்பது மறந்தால் 'ஆணியடிக்கும் கருவி' என்று சொன்னால் குற்றமில்லை. தவறாகச் சொல்லிவிட்டால் திருத்திக் கூறுவதும் குற்றமன்று. திருத்தத்தால் பொருள் தெளிவானால் மதிப்பிடுவோர் அதை நன்மையாகவே கருதுவர். இங்கே வீட்டு மொழி அறிந்த மாணவி கவலையின்றி இருக்கலாம். இது அவள் களம்.

வாதக் கட்டுரையோ அவளுக்கும் புதுமை. ஒரே பொருள் பற்றி ஒரு கட்டுரை, ஒரு அட்டவணை அல்லது வரைபடம், ஓர் ஒலிப்பதிவு ஆகிய மூன்று சான்றுகள் தரப்படும். அவற்றைப் படித்துக் கேட்க ஏறத்தாழ 15 நிமிடம். எழுத 40 நிமிடம். மூன்றையும் சுருக்கி எழுதிவிட்டு, 'எனவே இரு பக்கமும் உண்மை உண்டு' என்று முடிப்பது பெருந்தவறு. நாம் ஒரு பக்கம் நின்று, சான்றுகளை நம் கருத்துக்குத் துணையாக அழைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறையாது கூறி அதற்கு விடை இறுக்க வேண்டும். எந்தச் செய்தி எந்தச் சான்றிலிருந்து வந்தது என்பதைக் குறிக்க வேண்டும். பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்கும். 'எதிரணியினர் கூறினர், ஆயின் யாம் வினவுவது இதுவே' என்னும் முறைதான்.

இறுதி வேலை பண்பாட்டு ஒப்பீடு. வினாவைப் படித்து ஆயத்தம் செய்ய 4 நிமிடம். பேச 2 நிமிடம். தம் சமூகத்தின் வழக்கத்தையும் ஸ்பானிய மொழி வழங்கும் பகுதி ஒன்றின் வழக்கத்தையும் ஒப்பிட்டுரைக்க வேண்டும். 'ஸ்பானிய நாடுகளில் எல்லாரும் இசையை விரும்புவர்' என்பது போன்ற பொதுக்கூற்று இங்கே பயன்படாது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் கொண்டாடப்படும் இறந்தோர் நாளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வீட்டில் படையல் மேடை அமைத்து, மறைந்தவரின் படத்தை வைத்து, அவர் விரும்பிய உணவையும் நீரையும் மெழுகுவத்தியையும் வைப்பர். 'செம்பாசூச்சில்' என்னும் பொன்னிற மலரைப் பரப்புவர். அது வேறொன்றுமன்று, நாம் மாலையாகத் தொடுக்கும் துலுக்கச் சாமந்தியே. அதன் தாயகம் மெக்சிகோ; கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த மலர் அது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ மே மாத இறுதித் திங்கட்கிழமை போர்வீரர் நினைவு நாள். கல்லறைகளில் கொடி நாட்டுவர். ஒன்று வீட்டார் தம் வீட்டாரை விருந்தினராக அழைப்பது. மற்றொன்று நாடு தன் வீரரை வணங்குவது. இவ்வாறு வழக்கத்தைக் கூறி, வேற்றுமையைக் காட்டி, அதன் காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சொன்னால் இரண்டு நிமிடம் பொருளுடையதாகும்.

பயிற்சி முறையைச் சுருங்கக் கூறுவோம். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் போதும். முந்தின வாரத்தில் இரவு முழுதும் விழித்திருப்பதால் மொழி வாராது. வாரத்தில் ஒரு முறையான கடிதம்; ஒரு வாதக் கட்டுரை; நாள்தோறும் கால் மணி நேரக் கேள்வி; தம் குரலைத் தாமே பதிவு செய்து கேட்டல் இருமுறை. குடும்பம், மொழியும் அடையாளமும், அழகும் கலையும், அறிவியலும் தொழில்நுட்பமும், வாழ்க்கைத் தரம், உலகின் சிக்கல்கள் என்னும் ஆறு பொருட்பகுதிகளைச் சுற்றியே பாடத்திட்டம் அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டின் ஓர் உண்மைச் செய்தியை ஆழமாக அறிந்து வைத்தல் நலம். வகுப்பறை மாணவர் பேச ஒரு துணையைத் தேடுக; வீட்டு மாணவர் எழுத ஒரு காரணத்தைத் தேடுக. இருவரும் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்திருப்பின் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகலாம்.

இத்தனை உழைப்பும் ஒரு மதிப்பெண்ணுக்குத்தானா என்று கேட்கலாம். அந்நாட்டின் தென்மேற்கு மாநிலங்களின் பள்ளிகளில் ஸ்பானியம் பேசக்கூடாது என்னும் விதிகள் இருந்தமையை 1972-ல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் அறிக்கை எடுத்துக் காட்டியது. விளையாட்டுத் திடலில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற குழந்தைகள் பலர். அவர்கள் பெற்றோரான பின்னர், தம் பிள்ளைகளுக்கு அத்துன்பம் வேண்டாம் என்று வீட்டிலேயே ஆங்கிலம் பேசியவர் உண்டு. இவ்வாறு ஒரு தலைமுறையின் அச்சம் அடுத்த தலைமுறையின் நாவைக் கட்டிவிடும். 1968-ல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. 1998-ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து இருமொழி வகுப்புகளைக் கட்டுப்படுத்தினர். 2016-ல் அவர்களே வாக்களித்து அக்கட்டுப்பாட்டை நீக்கினர். இடையில் 2011-ல் அம்மாநிலம், இருமொழியிலும் எழுத்தறிவு பெற்ற மாணவரின் பட்டயத்தில் தனி முத்திரை பொறிக்கச் சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அம்முத்திரைக்குரிய தகுதிகளுள் ஒன்று நாம் விவரித்த தேர்வில் 3 பெறுதல். தண்டனைக்குக் காரணமாயிருந்த அதே மொழி, பட்டயத்தில் முத்திரையாகிவிட்டது.

நாம் முதலில் கண்ட மாணவி, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கிப் பிழையின்றி ஒரு கடிதம் எழுதக் கற்றுவிட்டாள் என்று கொள்வோம். அவள் எழுதிய முதற்கடிதத்தைப் பாட்டியிடம் படித்துக் காட்டுகிறாள். பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாத பாட்டியாக அவர் இருக்கலாம். முறையான அச்சொற்கள் சில அவர்க்கே புதியனவாயிருக்கலாம். தாம் கொடுத்த மொழி பேத்தியின் கையில் வளர்ந்து தம்மிடம் திரும்பி வருவதை அவர் கேட்பார். பேத்தியோ, கடிதத்தில் எழுத இயலாத எத்தனையோ சொற்கள் இன்னும் பாட்டியிடம்தான் உள்ளன என்பதை உணர்வாள்.

நம் வீடுகளுக்கு அமெரிக்கத் தேர்வு வேண்டியதில்லை. ஆனால், அத்தேர்வு கேட்கும் நான்கும் நமக்குப் பொருந்தும்: பெரியவர்க்கு ஒரு கடிதம், நண்பரோடு ஓர் உரையாடல், ஒரு பொருள் பற்றிய வாதம், நாம் வாழும் ஊரையும் நம் சொந்த ஊரையும் ஒப்பிட்டு இரண்டு நிமிடப் பேச்சு. இவற்றை நம் பிள்ளைகள் தமிழில் செய்ய இயலுமா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்ப்போமாக. கடிதத்தில் 'நீ' என்று எழுதினாலும் கோபிக்க வேண்டாம். 'தாங்கள்' என்று மறுமொழி எழுதுவோம், குழந்தை கற்றுக்கொள்ளும்.